வாச்சாத்தி கற்பிக்கும் பாடம்

மனுநீதிச் சோழன் தன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி ஒன்றைக் கட்டிவைத்திருந்தான் என்றும், கன்றை இழந்த பசு அம்மணியை அசைத்தவுடன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்றும் நாம் பள்ளிப் பாடங்களில் படித்திருக்கிறோம். முறையிட்டவுடன் தீர்ப்பு, குற்றம் புரிந்தவன் அரசன் மகனாயினும் விலக்கில்லை. இவ்விரண்டிற்காகவே அக்கதை போற்றப்படுகின்றது. ஆயினும், சிந்திக்கும் இளைஞர்கள் ஒரு வினாவையும் எழுப்புதல் வேண்டும். அம்மணி தொங்கிய வீதியில் கால் வைக்கும் உரிமை நம் முன்னோர்க்கு இருந்ததா?

1950-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம்தான் அம்மணியின் கயிற்றை எல்லார் கைக்கும் எட்டச் செய்தது. அதன் வரைவுக் குழுவின் தலைவராய் விளங்கியவர் அண்ணல் அம்பேத்கர் அவர்கள். அடிப்படை உரிமை பறிக்கப்பட்டவர் 32-ஆம் பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்தையும், 226-ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தையும் அணுகலாம். கயிறு கைக்கு வந்துவிட்டது. ஆனால், இழுத்த பின்னர் எத்தனை ஆண்டுகள் காத்திருப்பது? குற்றம் புரிந்தவர் அரசு அலுவலராகவே இருந்தால் அவரை விசாரிப்பவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை தருவது வாச்சாத்தியின் வரலாறு.

வாச்சாத்தியில் நடந்தது

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள சிற்றூர் வாச்சாத்தி. அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். 1992-ஆம் ஆண்டு சூன் 20-ஆம் நாள், கடத்தப்பட்ட சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகக் கூறி வனத்துறையினர், காவல் துறையினர், வருவாய்த் துறையினர் அவ்வூருக்குள் புகுந்தனர். மக்கள் ஆலமரத்தடிக்கு இழுத்து வரப்பட்டு அடிக்கப்பட்டனர். பதினெட்டுப் பெண்கள் ஏரிக்கரைக்குக் கொண்டு செல்லப்பட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டனர். வீடுகள் சூறையாடப்பட்டன, கால்நடைகள் பறிபோயின. பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். கொடுமைக்கு ஆளானவர்களே குற்றவாளிகளாகச் சிறை சென்றனர்.

தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் இவ்வழக்கைக் கையில் எடுத்தன. குற்றஞ்சாட்டப்பட்ட துறைகளே விசாரித்தால் உண்மை வெளிவராது என்பது வெளிப்படை. எனவே வழக்கு நீதிமன்றம் சென்றது. 1995-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. 1996-இல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது. வனத்துறையினர் 155 பேர், காவல் துறையினர் 108 பேர், வருவாய்த் துறையினர் 6 பேர், ஆக 269 அரசு ஊழியர்கள் அதில் குற்றஞ்சாட்டப்பட்டனர்.

ஆண்டுகளின் கணக்கு

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்பது தீர்ப்பு. எனினும் தண்டனை பெற உயிரோடிருந்தவர் 215 பேர் மட்டுமே. எஞ்சிய 54 பேர் வழக்கு நடந்த காலத்திலேயே இறந்துவிட்டனர். தண்டனை பெற்றோர் மேல்முறையீடு செய்தனர். அது முடிவடைய மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்தன. 2023-ஆம் ஆண்டு, அதே செப்டம்பர் 29-ஆம் நாள், உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது.

மாணவர் கணக்குப் போடுவதுபோல் நாமும் கூட்டிப் பார்ப்போம். உரிய விசாரணை அமைப்பைப் பெறவே ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், புலனாய்வுக்கு ஓராண்டு, விசாரணை நீதிமன்றத்தில் பதினைந்து ஆண்டுகள், மேல்முறையீட்டில் பன்னிரண்டு ஆண்டுகள். ஆக முப்பத்தோர் ஆண்டுகள். அன்று பத்து வயதுச் சிறுமியாயிருந்தவர் இறுதித் தீர்ப்பின்போது நாற்பதைக் கடந்திருப்பார். தாமதம் என்பது காலக் கணக்கு மட்டுமன்று. அது மனித வாழ்நாளின் கணக்கு.

இருப்பினும் இத்தீர்ப்பைச் சிறியதென எவரும் கருதலாகாது. பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் பத்து இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்றும், அதில் பாதியைப் பாலியல் வன்கொடுமைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றும் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அன்று பொறுப்பிலிருந்த மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்கப் பணித்தது. அடித்தவர் மட்டுமல்லர், கண்டும் காணாதிருந்த மேலதிகாரியும் பொறுப்பாளியே என்னும் நெறி இதனால் நிலைநாட்டப்பட்டது. தீர்ப்புக்கு முன் 2023 மார்ச்சுத் திங்களில் நீதிபதி நேரில் சென்று அவ்வூரைப் பார்வையிட்டதும் நினைவுகூரத்தக்கது.

நீதிபதிகளும் பொறுப்புடையோரே

நீதிமன்றத்தைக் குறித்துப் பேசுவதே குற்றம் என்னும் அச்சம் நம்மிடையே இருக்கின்றது. இது சரியன்று. கீழ்வெண்மணியில் 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவில் 44 உயிர்கள் தீக்கிரையாயின. கீழ் நீதிமன்றத்தில் 1970-இல் தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர்களை 1973-இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. செல்வர்கள் தாமே நடந்து சென்று தீ வைத்திருப்பர் என்பது நம்பத்தக்கதன்று என்னும் கருத்து அத்தீர்ப்பில் இடம்பெற்றதை அறிஞர் பலர் கண்டித்து எழுதியுள்ளனர். தீர்ப்பின்மீது நேர்மையான விமர்சனம் செய்வது அவமதிப்பாகாது என்று 1971-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவே கூறுகின்றது.

கீழ் நீதிமன்றங்களைக் கண்காணிக்கும் கடமையை அரசியல் சட்டத்தின் 235-ஆம் பிரிவு உயர் நீதிமன்றத்திற்கு அளித்துள்ளது. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளை நீக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்தின் தீர்மானத்தைச் சார்ந்தது. அவ்வழி எளிதன்று. நீதிபதி வி. இராமசாமி அவர்கள் மீதான தீர்மானம் 1993-இல் மக்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, 196 பேர் ஆதரித்தனர்; எதிர்த்தவர் ஒருவருமில்லை; 205 பேர் வாக்களியாது ஒதுங்கினர். தீர்மானம் தோற்றது. ஒதுங்கி நிற்பதும் ஒரு பக்கம் சேர்வதே என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. இது நாடாளுமன்றத்திற்கு மட்டுமன்று, நமக்கும் பொருந்தும்.

இன்று நம் கையிலுள்ளவை

விரைவான விசாரணை வாழ்வுரிமையின் ஒரு கூறு என்று 1979-இல் உசைனாரா கத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் இயற்றப்பட்டது. நமக்கும் வாச்சாத்தி மக்களுக்கும் பொதுவான கேடயம் அது. அதன் 4-ஆம் பிரிவு, கடமையை வேண்டுமென்றே தட்டிக்கழிக்கும் அரசு ஊழியருக்குச் சிறைத் தண்டனை விதிக்கின்றது. 2016-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, குற்றப்பத்திரிகை தாக்கலான இரு மாதங்களுக்குள் இயன்றவரை விசாரணை முடிக்கப்பட வேண்டும். வழக்கின் ஒவ்வொரு நிலையையும் அறியும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்புக் கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும் என்பது விதி. அரசு ஊழியர்மீது வழக்குத் தொடர அரசின் முன்னனுமதி தேவைப்படும் இடங்களிலும், 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள சட்டம் 120 நாட்கள் என்னும் வரம்பை விதித்துள்ளது. அதற்குள் அரசு முடிவெடுக்காவிடில் அனுமதி அளிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும்.

இளைஞர்களே! சட்டம் நாட்களை எண்ணி வைத்திருக்கின்றது. ஆனால் நமக்காக அது நாட்களை எண்ணாது. எண்ண வேண்டியவர் நாமே. புகார் கொடுத்த நாளன்றே முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறுங்கள். ஒவ்வொரு வாய்தாவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, வழக்கு ஏன் தள்ளிவைக்கப்பட்டது என்பதையும் பதிவு செய்யுங்கள். கண்காணிப்புக் குழு கூடியதா என்று 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வினவுங்கள். முப்பது நாட்களுக்குள் விடை தருவது அலுவலரின் கடமை. நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாய் எழுத்தறிவைப் பரப்பி வருவது வேலைவாய்ப்பிற்காக மட்டுமன்று. இத்தகைய குறிப்பேடுகளை எழுதுவதற்காகவுமாகும்.

வாச்சாத்தி மக்களிடம் செல்வம் இல்லை, பதவி இல்லை, அவர்களுள் பலருக்குப் படிப்பும் வாய்க்கவில்லை. அவர்களிடம் இருந்தவை ஒற்றுமையும், சொன்ன சொல் மாறாத சாட்சியமுமே. அவற்றைக் கொண்டே 269 அரசு ஊழியர்களை அவர்கள் சட்டத்தின் முன் நிறுத்தினர். அவர்களுக்கு இல்லாத கல்வியும் பெற்றிருக்கும் நாம், நம் மக்களின் வழக்குகள் முப்பத்தோர் ஆண்டுகள் நீள விடலாகாது.