உள்நாக்கும் அடிநாச் சதையும்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் பிள்ளை சோறு விழுங்க அழுதால், "உள்நாக்கு வளர்ந்திருக்கு" என்பார்கள். சொல் அழகு, இடம்தான் தவறு. உள்நாக்கு, அண்ணத்தின் பின்னால் நடுவில் தொங்கும் சிறு சதை. வீங்குவது அதன் இருபுறமும் உள்ள டான்சில். நாவின் அடியை ஒட்டியிருப்பதால் அடிநாச் சதை. 'டான்சில்' லத்தீன் வழி வந்தது. பெயர் தவறினால் வைத்தியமும் தவறுகிறது: உப்புத் தொட்ட விரலால் உள்நாக்கை அழுத்துவதும் உண்டு. புண்ணான தொண்டைக்கு அது கொடுமை.

டான்சில் அழற்சி பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா என்றால் மருத்துவர் சொன்ன நாள் முழுவதும், பொதுவாக 10 நாள், மருந்து கொடுக்க வேண்டும். பாதியில் விட்டால் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வைத் தாக்கலாம். எச்சில் விழுங்க முடியாமல் வடிந்தாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.