எச்.ஐ.வி. மறைநிலைத் தேக்கம்

சிகிச்சையால் இரத்தத்தில் எச்.ஐ.வி. கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த பிறகும் உடலுக்குள் உறங்கிக் கிடக்கும் வைரஸின் இருப்பு. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தபோது இப்படியொன்று இருப்பதே தெரியாது. அரசின் இலவசக் கூட்டு மருந்து 2004 ஏப்ரலில்தான் வந்தது. தாம்பரம் மருத்துவமனை அதன் முதல் மையங்களுள் ஒன்று.

அந்த மருந்தை ஏன் ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும்? வைரஸ் தன் மரபுக் குறியீட்டை சிடி4 வெள்ளணுக்களின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிவிடுகிறது. தொற்றிய அணுக்களில் பெரும்பாலானவை மடிகின்றன. சில, பழைய தொற்றுகளை நினைவில் வைக்கும் நினைவணுக்களாகி ஓய்வில் அமர்கின்றன. ஓய்விலுள்ள அணு வைரஸ் புரதத்தைக் காட்டுவதில்லை, அதனால் உடலின் காவல் அதை அடையாளம் காண்பதில்லை. மருந்தோ புதிய தொற்றை மட்டுமே தடுக்கும். இந்தத் தேக்கம் உருவாக அதிக நாள் ஆகாது: 2014இல் வெளியான குரங்கு ஆய்வில், தொற்றிய மூன்றாம் நாளே சிகிச்சை தொடங்கியும் அது உருவாகியிருந்தது.

அது கரைவதுதான் வேதனையான அளவுக்கு மந்தம்.

தேக்கம் பாதியாகச் சுமார் 44 மாதங்கள் ஆகும். முற்றிலும் தீர 70 ஆண்டுக்கு மேல் வேண்டும் என்பது எச்.ஐ.வி. ஆய்வாளர் ராபர்ட் சிலிசியானோ குழுவின் கணக்கு. தொற்றிய அணு பிரியும்போது வைரஸ் குறியீடும் சேர்ந்தே நகலாகிறது. ஒருபுறம் அழிவு, மறுபுறம் பெருக்கம். எஞ்சும் குறியீடுகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் பழுதானவைதான். ஆனால் மருந்தை நிறுத்தினால், பழுதில்லாத சிலவே பெரும்பாலோரிடம் சில வாரங்களில் வைரஸை இரத்தத்துக்குத் திரும்பக் கொண்டுவருகின்றன.