திரைக்காக எழுதப்பட்ட கதைகள்: தியாகபூமி முதல் ராஜா தேசிங்கு வரை

விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள செஞ்சிக் கோட்டை மூன்று மலைகளை மதிலால் இணைத்துக் கட்டப்பட்டது. அதை ஆண்டவர்கள் பலர். ஆனால் ஊர் மக்கள் நாவில் நிற்கும் பெயர் தேசிங்கு ராஜன் ஒன்றே. பண்டேல ராஜபுத்திரரான சொரூப்சிங்கின் மகன் தேஜ்சிங் என்பவரே தமிழில் தேசிங்கு ஆனார். நிலுவைக் கப்பம் தொடர்பான பூசலில், 1714 அக்டோபரில், ஆற்காடு நவாப் சாதத்துல்லாகானின் படையோடு போரிட்டு மாண்டார். அப்போது அவருக்கு வயது 22 என்பர். ஆட்சி ஓராண்டுகூட நீடிக்கவில்லை.

இந்தச் சிறிய வரலாறு கதைப்பாடலாகவும் தெருக்கூத்தாகவும் பெருகியது. நீலவேணி என்னும் குதிரை, மணக்கோலத்திலிருந்து போருக்குப் புறப்படும் நண்பன் மகமத்கான், உடன்கட்டை ஏறும் ராணிபாய் எல்லாம் பாடகர்களால் வளர்ந்தவை. பின்னர் இக்கதை சினிமாவுக்குப் போனது. அங்கே என்ன ஆயிற்று என்பதை அறிய, திரைக்காகவே கதை எழுதும் வழக்கம் தமிழில் எப்படி வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு நாவலோ நாடகமோ பிற்காலத்தில் படமாவது வேறு. படமாகும் என்று தெரிந்தே எழுதப்படுவது வேறு. பம்மல் சம்பந்த முதலியாரின் 'மனோகரா' திரைக்கு வந்தது உண்மைதான். ஆனால் அவர் அதை எழுதியபோது பேசும் படமே பிறக்கவில்லை. அதை இந்த வகையில் சேர்க்க இயலாது.

திரையை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட தமிழ் நாவல்களுள் முதன்மையானது கல்கியின் 'தியாகபூமி'. இயக்குநர் கே. சுப்பிரமணியம் படமாக எடுப்பதற்கென்றே உருவான கதை இது. ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது வழக்கமான ஓவியங்களுக்குப் பதிலாகப் படத்தின் புகைப்படங்கள் அச்சாயின. வாசகர்கள் சம்பு சாஸ்திரியைப் பாபநாசம் சிவனின் முகத்தோடும், சாவித்திரியை எஸ்.டி. சுப்புலட்சுமியின் முகத்தோடும், குழந்தை சாருவைப் பேபி சரோஜாவின் முகத்தோடும் படித்தனர். பாத்திரத்தின் முகத்தை வாசகர் தாமே கற்பனை செய்துகொள்ளும் உரிமை இங்கே முதல் வாரத்திலேயே பறிபோயிற்று என்றும் சொல்லலாம். விளம்பரம் என்ற அளவில் இது மிகக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு.

படம் 1939 மே மாதம் வெளியானது. கணவனால் கைவிடப்பட்ட சாவித்திரி, எதிர்பாராமல் கிடைத்த செல்வத்தால் உமாராணி ஆகிறாள். சேர்ந்து வாழ வேண்டும் என்று கணவன் வழக்குத் தொடுக்கிறான். அவள் மறுத்து, வேண்டுமானால் தானே அவனுக்கு ஜீவனாம்சம் தருவதாக நீதிமன்றத்தில் கூறுகிறாள். 1939இல் ஒரு பெண் இப்படிப் பேசியது அரங்கை உலுக்கியிருக்கும். தீண்டாமை எதிர்ப்பும் காந்திய இயக்கமும் கதையோடு பின்னியிருந்தன. 22 வாரங்கள் ஓடிய பிறகு பிரிட்டிஷ் அரசு படத்தைத் தடை செய்தது. தடைச் செய்தி பரவியதும் சென்னை கெயிட்டி திரையரங்கில் இலவசமாகத் தொடர்ந்து காட்டினர். கூட்டத்தின் மீது போலீஸ் தடியடி நடத்தியது.

நாவலாகப் படிக்கும்போது குறைகள் தெரிகின்றன. திடீர்ச் சொத்து, தற்செயலான சந்திப்புகள், நீதிமன்றத்தில் உச்சம் என்று பல திருப்பங்கள் திரையின் தேவைக்காக வைக்கப்பட்டவை. ஆயினும் சம்பு சாஸ்திரி என்ற மனிதர் இந்தத் திருப்பங்களையெல்லாம் மீறி நிற்கிறார். அது கல்கியின் எழுத்து வலிமை.

மேடையிலிருந்து வந்தவர்களில் அண்ணா குறிப்பிடத்தக்கவர். 'வேலைக்காரி', 'ஓர் இரவு' இரண்டையும் கே.ஆர். ராமசாமியின் நாடகக் குழுவுக்காக எழுதினார். 'ஓர் இரவு' நாடகத்தைப் பார்த்த கல்கி, அவரைப் பெர்னாட்ஷாவோடு ஒப்பிட்டுப் பாராட்டினார். 1949இல் 'வேலைக்காரி'யும் 1951இல் 'ஓர் இரவு'ம் படமாயின. ஒரே இரவில் நிகழும் கதை மேடைக்குப் பெரும் வசதி. திரையில் அந்த இறுக்கம் சற்றுத் தளர்ந்தது.

இப்போது செஞ்சிக்குத் திரும்பலாம். கிருஷ்ணா பிக்சர்ஸ் லேனா செட்டியார் 1956இல் நாட்டுப்புற வீரன் ஒருவனின் கதையை 'மதுரை வீரன்' என்று எடுத்து வெற்றி கண்டார். அதே நிறுவனம், அதே கதாநாயகர் எம்.ஜி.ஆர். என்ற நிலையில் 1960இல் டி.ஆர். ரகுநாத் இயக்கிய 'ராஜா தேசிங்கு' வந்தது. பானுமதி, பத்மினி, எஸ்.எஸ். ராஜேந்திரன் ஆகியோரும் நடித்தனர். எழுத்தில் கண்ணதாசனின் பங்கு உண்டு. இங்கே கதை நடிகருக்காக வளைக்கப்பட்டது. எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம் தேவைப்பட்டதால் தேசிங்குக்குத் தாவூத்கான் என்ற சகோதரன் உருவாக்கப்பட்டான். வரலாற்றில் அப்படி ஒருவர் இல்லை. கப்பப் பூசலாக இருந்தது, அடையாளம் தெரியாமல் அண்ணன் தம்பி மோதும் துயரமாக மாறியது.

கூத்துக் கலைஞர்களும் மிகைப்படுத்தியவர்கள்தான். ஆனால் அவர்கள் கூட்டியது இருந்த மனிதர்களையே பெரிதாக்கியது. படம் இல்லாத மனிதனைச் சேர்த்தது. மாணவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் படத்தைப் பார்த்துவிட்டுக் கோட்டைக்கு வருவோர் தாவூத்கானையும் தேடக்கூடும். அங்கே இருப்பது ராஜகிரியின் செங்குத்தான படிகளும், கல்யாண மகாலும், தேசிங்கின் உடல் எரியூட்டப்பட்டதாகச் சொல்லப்படும் செட்டிகுளக் கரையுமே. நண்பன் மகமத்கானின் சமாதி அருகிலுள்ள நீலாம்பூண்டியில் இருப்பதாக ஊரார் காட்டுகின்றனர்.