எமிலி காரின் வகுப்பறைகளும் காடுகளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலம் பேசும் நாடுகளின் வசதியுள்ள குடும்பங்களில், பெண்கள் நீர்வண்ணம் பழகுவது பியானோவையும் பூத்தையலையும் போல நல்வளர்ப்பின் அடையாளமாக மதிக்கப்பட்டது; அதையே பிழைப்பாகக் கொள்வதை யாரும் விரும்பவில்லை. மணமாகாமல் சொந்தக் காலில் நிற்க நேர்ந்தவர்களுக்கு அந்தப் பயிற்சி திறந்துவிட்ட வழி பெரும்பாலும் ஆசிரியப் பணி ஒன்றே. கனடாவின் மேற்குக் கரைக் காடுகளை வரைந்த எமிலி காரின் (1871–1945) வரலாறு, புறக்கணிக்கப்பட்ட மேதையை உலகம் பிந்திக் கண்டுகொண்ட கதையாகவே வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அவருக்குப் பணம் எங்கிருந்து வந்தது, யாரிடம் எப்போது பாடம் கேட்டார் என்று பார்த்தால், அந்த வாழ்க்கை வேறொரு வடிவம் கொள்கிறது.

பிரிட்டிஷ் கொலம்பியா கனடாவுடன் இணைந்த அதே ஆண்டில், அதன் தலைநகரான விக்டோரியாவில், ஆங்கிலேய வணிகர் ஒருவரின் மகளாக அவர் பிறந்தார். பதின்வயதிலேயே தாய் தந்தையரை இழந்து, மூத்த சகோதரியின் கண்டிப்பில் வளர்ந்தவர், 1890இல் சான் பிரான்சிஸ்கோவின் கலைப்பள்ளிக்குச் சென்று, சுமார் மூன்று ஆண்டுகளில் பணமின்றித் திரும்பினார். வீட்டுப் பசுக் கொட்டகையின் பரணைக் கூடமாக்கி அங்கே குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்துச் சேர்த்த பணமே 1899இல் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பியது.

லண்டன் அவருக்கு ஒத்துவரவில்லை. கார்ன்வால் கரையிலுள்ள செயின்ட் ஐவ்ஸில், கண்கூசும் வெயிலில் கடற்கரையை வரைய வேண்டும் என்று ஆசிரியர் ஜூலியஸ் ஓல்சன் வற்புறுத்த, தலைவலியால் வாடிய கார் அருகிலிருந்த ட்ரெகென்னா காட்டின் நிழலுக்குள் ஒதுங்கிக்கொண்டார். ஓல்சனின் உதவியாளரான ஆல்கர்னன் டால்மேஜ் அதற்கு இடம்கொடுத்ததோடு, இருட்டாகத் தோன்றும் காட்டுக்குள்ளும் ஒளியைத் தேடிக் காணப் பழக்கினார். பின்னாளில் காரின் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வரும் அடர்காட்டு ஓவியங்களுக்கு வித்து இங்கேதான் விழுந்தது என்று கொள்ள இடமுண்டு. உடல்நலம் குலைந்து சானடோரியம் எனப்படும் நெடுநாள் சிகிச்சை இல்லத்தில் ஒன்றரை ஆண்டு கிடந்தபின், 1904இல் அவர் ஊர் திரும்பினார்.

1906இல் வான்கூவரில், ஓவியம் பழகும் சீமாட்டிகளின் சங்கமொன்று அவரை ஆசிரியராக அமர்த்தியது. பொழுதுபோக்காக வந்தவர்களிடம் உழைப்பை எதிர்பார்த்தவரும், வகுப்பிலேயே புகைபிடித்துக் கடுஞ்சொல் வீசியவருமான ஆசிரியரை அவர்கள் ஒரு மாதத்துக்குமேல் பொறுக்கவில்லை. குழந்தைகளிடமோ அவர் முற்றிலும் வேறொருவராக இருந்தார். அவர்களுக்காகத் தாமே தொடங்கிய வகுப்புகள் நிறைந்தன. அந்த வருவாயில்தான் 1910இல் பிரான்சுக்குப் புறப்பட்டார். இதற்கிடையே 1907இல் ஒரு சகோதரியோடு அலாஸ்கா சென்றபோது, ஓர் ஆதிக்குடிக் குலத்தின் வழிமரபையும் உரிமைகளையும் உருவங்களாகச் செதுக்கிய டோட்டம் எனும் செடார் மரத்தூண்களைக் கண்டு, அவற்றை அவை நிற்கும் ஊர்களிலேயே வரைந்து பதிவு செய்வதெனத் தீர்மானித்திருந்தார்.

பிரான்சில் ஆங்கில ஓவியர் ஹாரி ஃபீலன் கிப்பிடமும், நியூசிலாந்திலிருந்து வந்து ஐரோப்பாவில் நீர்வண்ணம் கற்பித்துப் பிழைத்துக்கொண்டிருந்த பிரான்சிஸ் ஹாட்ஜ்கின்ஸிடமும் பயின்றார். பொருளின் இயல்பு நிறத்துக்குக் கட்டுப்படாமல் உணர்ச்சிக்கேற்பக் கொழுந்துவிடும் வண்ணங்களைப் பூசும் ஃபாவிசம் என்ற போக்கு அவர் தூரிகையில் ஏறியது இக்காலத்தில்தான். 1912இல் அந்த வண்ணங்களோடு வான்கூவர் திரும்பியவர், வடக்கே ஸ்கீனா ஆற்றங்கரைக்கும் ஹைடா குவாய் தீவுகளுக்கும் பயணம் செய்து ஏராளமாக வரைந்து, அடுத்த ஆண்டு சுமார் இருநூறு படங்களைக் காட்சிக்கு வைத்தார். மாகாண அரசு அவற்றை வாங்க மறுத்தது. ஆவணம் என்று கொள்ள அவற்றின் நிறங்கள் மிகையானவை என்று தோன்றின. அன்றைய ரசனைக்கு ஓவியம் என்ற முறையிலும் அவை மிகையாகவே இருந்தன.

விக்டோரியாவில் கட்டிய வாடகை வீட்டை நடத்துவதிலும், நாய் வளர்த்து விற்பதிலும், சுற்றுலாப் பயணிகளுக்காக மண்பாண்டம் செய்வதிலும் அடுத்த சுமார் பதினைந்து ஆண்டுகள் கழிந்தன, வரைந்தவை சிலவே. 1927இல் ஒட்டாவாவின் தேசியக் கலைக்கூடம் மேற்குக் கரைக் கலைக் கண்காட்சிக்கு அவர் படங்களைத் தேர்ந்தபோது, 'எழுவர் குழு' எனப்பட்ட கனடிய நிலக்காட்சி ஓவியர்களையும், அவர்களுள் லாரன் ஹாரிஸையும் சந்தித்தார். இச்சந்திப்புக்கு உரிய இடத்தை எல்லாரும் தருகிறார்கள். 1928இல் சியாட்டிலின் இளம் ஓவியர் மார்க் டோபியைத் தம் கூடத்துக்கே அழைத்து, தம்மைவிட ஏறக்குறைய இருபது வயது இளையவரிடம் ஐம்பத்தாறாம் வயதில் பாடம் கேட்டது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மரங்களும் தழைத்திரளும் திண்ணிய வடிவங்களாக இறுகும் மாற்றம் இதன்பின் தெளிவாகத் தெரிகிறது. தூண்களை விட்டு நிலத்திலேயே அவற்றுக்கு நிகரானதைத் தேடும்படி தூண்டியவர் ஹாரிஸ்.

1930களில் அவர் கண்ட உத்தி வறுமைக்கும் கலைக்கும் ஒருங்கே பொருந்தியது. விலை மலிந்த மணிலா தாளில், வீட்டுச் சுவருக்கான வெள்ளைச் சாயத்தோடு எண்ணெய்வண்ணத்தைக் கலந்து, பெட்ரோலால் நீர்க்கச் செய்து வரைந்தார். சுமக்க எளிது, விரைவில் உலரும், தூரிகையும் நீர்வண்ணத்தில் போலத் தடையின்றி ஓடும். 1933இல் வாங்கிய பழைய வண்டிவீடு ஒன்றுக்கு 'யானை' என்று பெயரிட்டு, கோடையில் விக்டோரியாவை அடுத்த காடுகளுக்கு இழுத்துச் செல்லச்செய்து, நாய்களோடும் ஒரு குரங்கோடும் தங்கினார். வெட்டிச் சாய்த்த காட்டில் மரக்கம்பெனிகள் உதவாதென விட்டுப்போன ஒற்றை மரம் வானளாவி நிற்கும் 1935ஆம் ஆண்டுப் படம் அந்த வாழ்வின் விளைவு.

காரின் தூண் ஓவியங்களை இன்று முன்போல் ஐயமின்றிப் பார்க்க முடிவதில்லை. ஆதிக்குடிகள் மறைந்துகொண்டிருக்கிறார்கள் என்ற வெள்ளையரின் நம்பிக்கையை அவரும் பகிர்ந்தார், ஆனால் ஊர்கள் வெறிச்சோடியதற்கு 1862இன் பெரியம்மையும், விருந்தும் கொடையுமாகக் குலமதிப்பை உறுதிசெய்யும் பாட்லாட்ச் சடங்கை 1885 முதல் 1951 வரை தடைசெய்த சட்டமும் காரணமாயிருந்தன, மக்களோ மறைந்துவிடவில்லை. மண்பாண்டங்களில் அவர்களது சின்னங்களைத் தீட்டி விற்றதற்காகக் கார் பின்னர் வருந்தி எழுதியிருக்கிறார். ஹாரிஸ் வாங்கி வைத்திருந்த, ஆதிக்குடிகளை 'இந்தியர்' எனக் குறித்த தலைப்புடைய 1929ஆம் ஆண்டுத் தேவாலய ஓவியத்தை, ஒன்டாரியோ கலைக்கூடம் 2018இல் யூக்வாட் என்ற ஊரின் பெயரால் மாற்றி அழைத்தது.

1937இல் மாரடைப்பு காட்டுப் பயணங்களைக் குறைத்தபின் அவர் எழுத்துக்குத் திரும்பினார். ஆதிக்குடி ஊர்களின் நினைவுகளைச் சொல்லும் 'க்ளீ விக்' 1941இல் வெளிவந்து கனடாவின் கவர்னர் ஜெனரல் விருதைப் பெற்றது. ஸ்குவாமிஷ் இனக் கூடை முடைபவரான சோஃபி ஃபிராங்குக்கு அதைக் காணிக்கையாக்கியிருந்தார். கார் இறந்து ஆறு ஆண்டுகளுக்குப்பின், 1951இல், அதன் மாணவர் பதிப்பு வந்தபோது மிஷனரிகளைக் கண்டித்த பகுதிகள் வெட்டப்பட்டன. சுருங்கிய அந்தப் பாடமே பல்லாண்டுகள் புழங்கிவந்தது. நீக்கியவை 2003ஆம் ஆண்டுப் பதிப்பில் மீண்டும் சேர்க்கப்பட்டன.