கடலடியிற் கமரா

மனிதன் கடலுக்குள் இறங்கத் தொடங்கிய காலம் மிகப் பழையது. அங்கே கண்டதைப் பிறருக்குக் காட்டத் தொடங்கிய காலமோ மிக அண்மையது. மன்னார்க் கடலில் முத்துக்குளித்த சுழியோடிகள் பல நூற்றாண்டுகளாகக் கடலின் அடித்தளத்தை அறிந்திருந்தனர். அவர்கள் சிப்பியை மேலே கொண்டுவந்தனர். கண்ட காட்சியைக் கொண்டுவர அவர்களிடம் வழி இருக்கவில்லை. அவ்வழி எவ்வாறு பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது, இன்று கடலடியிற் படம் பிடிப்பதற்கு ஒரு டிஜிற்றல் எஸ்.எல்.ஆர். கமராவைத் தெரிந்தெடுக்க விரும்பும் ஒருவருக்கு அவ்வரலாறு எதனைக் கற்பிக்கின்றது என்பனவே இப்பேச்சின் பொருள்.

1856ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள வேமத் என்னும் ஊரில், வில்லியம் தொம்சன் என்னும் சட்டத்தரணி ஒருவர் வாழ்ந்தார். இயற்கை ஆராய்ச்சியில் ஈடுபாடு கொண்ட அவர், கமரா ஒன்றை மரப்பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் முன்புறத்திற் கண்ணாடி பொருத்தி, படகிலிருந்து 18 அடி ஆழத்துக்கு இறக்கினார். மூடியைக் கயிற்றினால் இழுத்துத் திறந்து, ஏறத்தாழ 10 நிமிடம் காத்திருந்தார். பெட்டியை மேலே தூக்கியபோது அதனுள் நீர் புகுந்திருந்தது. ஆயினும், பாறையும் கடற்பாசியும் மங்கலாகத் தோன்றும் ஒரு படம் தட்டிற் பதிந்திருந்தது. கடலடியில் எடுக்கப்பட்ட முதற் படம் அதுவே என்பர். முதல் முயற்சியிலேயே கமராவுக்குக் கேடு விளைக்க வந்தது பெட்டிக்குட் புகுந்த நீர் என்பதை நாம் நினைவில் இருத்திக்கொள்வோம்.

இதற்குச் சில ஆண்டுகளின் பின், 1860களில், ஒஸ்திரிய நாட்டுப் பிரபுவாகிய இயூஜின் வொன் ரான்சொனே என்பவர் எமது தீவுக்கு வந்தார். இரும்புத் தகட்டினாற் செய்து தடித்த கண்ணாடி பொருத்திய மணிக்கூண்டு போன்றதொரு கலத்தினுள் அமர்ந்து அவர் கடலுக்குள் இறங்கினார். முருகைக்கற் பாறைகளையும் மீன்களையும் அங்கிருந்தவாறே தாளில் வரைந்தார். 1867இல் வியன்னாவில் வெளிவந்த அவரது நூலில் இலங்கைக் கடலடியின் காட்சிகள் இடம்பெற்றன. கமரா அக்காலத்தில் இருந்தது; ஆயினும் நீருக்கடியில் அதனைக் கையாள்வதிலும் பென்சிலைக் கையாள்வதே எளிதாயிருந்தது.

கமராவைத் தம் கையோடு கடலுக்குட் கொண்டுசென்ற பெருமை பிரான்சு நாட்டு உயிரியலறிஞர் லூயி பூட்டானுக்கு உரியது. அவர் 1893இல், மத்தியதரைக் கடலோரத்து பன்யூல்ஸ் என்னும் ஊரின் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து, சுழியோடியின் கனத்த உடையை அணிந்து இறங்கினார். அவருடைய கமராப் பெட்டியை வகுத்தவர் பொறியியலாளராகிய அவரது சகோதரர் ஒகுஸ்த். நீரின் அமுக்கம் பெட்டியை நசுக்காதவாறு, காற்று நிரப்பிய இரப்பர்ப் பை ஒன்று அதனோடு இணைக்கப்பட்டிருந்தது. ஆழம் கூடக் கூடப் பை சுருங்கும். பையிலுள்ள காற்று பெட்டிக்குட் சென்று உள்ளமுக்கத்தைச் சமப்படுத்தும். ஒளி போதாமையினால் ஒரு படத்துக்கு 30 நிமிடம் வரை செலவாயிற்று. அக்குறையை நீக்க, ஒரு பீப்பாயின் மீது சாராய விளக்கை ஏற்றிக் கண்ணாடிக் கூண்டினால் மூடி, சுடரின் மேல் மகனீசியத் தூளை ஊதி ஒளிரச் செய்தார். 1900இல் அவர் வெளியிட்ட நூலே இத்துறையின் முதல் நூலாகும்.

நிறத்தைப் பதிவுசெய்தவர்கள் அமெரிக்கர். 1926இல், புளோரிடாவை அடுத்த டிரை டோர்டுகாஸ் தீவுகளில், லோங்லி என்னும் அறிஞரும் மாட்டின் என்னும் படப்பிடிப்பாளரும் மிதவையொன்றின் மீது மகனீசியத் தூளை வெடிக்கச் செய்து, அப்பேரொளியில் மீன்களை நிறத்தோடு படம் பிடித்தனர். இதற்கு இத்துணை ஒளி வேண்டியதேன்? நீர், ஒளியை நிறம் நிறமாக விழுங்குவது. சிவப்பு முதல் 10 மீற்றருக்குள்ளேயே பெரும்பாலும் மறைந்துவிடும். அதற்குக் கீழே செந்நிற மீனும் சாம்பல் நிறமாகவே தோன்றும். மேலிருந்து வரும் கதிரவனொளி இழந்த நிறத்தை, அருகிலிருந்து பாய்ச்சும் ஒளியே மீட்டுத்தரும்.

1943இல் பிரான்சு நாட்டில் கூஸ்தோவும் கன்யானும் ஆக்கிய சுவாசக் கருவி, மனிதனைக் கயிற்றிலிருந்தும் குழாயிலிருந்தும் விடுவித்தது. அதன் பின்னரே கடலடிப் படப்பிடிப்புப் பரவலாயிற்று. வியன்னாவின் ஹான்ஸ் ஹாஸ் என்னும் அறிஞரின் துணையோடு, 1950களில் றோலிபிளெக்ஸ் கமராவுக்கு ‘றோலிமறின்’ என்னும் நீர்புகாப் பெட்டி அமைந்தது. சிறந்த கருவிதான், எனினும் இரட்டை வில்லைக் கமராவாதலால் மேல் வில்லை காட்டுவது ஒன்று, கீழ் வில்லை பிடிப்பது ஒன்று என்னும் வேறுபாடு அண்மைப் படங்களில் இடர் செய்தது. ஒரு சுருளில் 12 படங்களே எடுக்கலாம். பின்னர் பெல்ஜியத்தவரான டி வூட்டர்ஸ், பெட்டியே வேண்டாத, தானே நீர்புகாத கமராவை வகுத்தார். நிக்கோன் நிறுவனம் 1963 முதல் அதனை ‘நிக்கோனோஸ்’ என்னும் பெயரில் விற்றது. அதிலும் வில்லையினூடாகப் பார்க்கும் வசதியில்லை. தூரத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டியிருந்தது.

இக்காலத்தில் எமது கடலிலும் ஒரு பெருங் காரியம் நிகழ்ந்தது. திருகோணமலைக் கோணேசர் கோயில் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டபோது, அதன் கற்கள் பல பாறையிலிருந்து கடலில் வீழ்ந்தன. 1956இல், எழுத்தாளர் ஆதர் சி. கிளாக்கும் படப்பிடிப்பாளர் மைக் வில்சனும் அவ்விடத்திற் சுழியோடினர். செதுக்கப்பட்ட தூண்களையும் கற்களையும் கண்டு படம் பிடித்தனர். மறு ஆண்டில் வெளிவந்த கிளாக்கின் நூல் அச்செய்தியை உலகுக்கு அறிவித்தது. தலைமுறை தலைமுறையாகச் செவிவழிச் செய்தியாயிருந்த ஒன்றுக்கு ஒளிப்படம் சான்றாயிற்று. கடலுள் இறங்க இயலாத முதியவரும் குழந்தையும் அத்தூண்களைக் காண முடிந்தது. கடலடிப் படப்பிடிப்பு பொழுதுபோக்கு மாத்திரமன்று என்பதற்கு இதனினும் வேறு எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இனி எஸ்.எல்.ஆர். கமராவுக்கு வருவோம். படம் பிடிக்கும் வில்லை எதனைக் காண்கின்றதோ அதனையே, உள்ளே அமைந்த ஆடியொன்றின் துணையால், எமது கண்ணுக்கும் காட்டும் கமரா இது. பட்டனை அழுத்தியதும் ஆடி மேலெழும்; ஒளி உள்ளே பதியும். றோலிபிளெக்சின் குறையும் நிக்கோனோசின் குறையும் இதில் இல்லை. 1992இல் நிக்கோன், தானே நீர்புகாத எஸ்.எல்.ஆர். ஒன்றையும் வெளியிட்டது. விலை மிகுதியாலும் வாங்குவோர் குறைவாலும் அது நிலைக்கவில்லை. 2001இல் நிக்கோனோஸ் வரிசையே முடிவுற்றது. எனவே எஸ்.எல்.ஆர். கமராவுக்குப் பெட்டி வேண்டும் என்னும் தொம்சன் காலத்து நிலைக்கே மீண்டும் வந்தோம்.

சுருளுக்குப் பதிலாக இலத்திரனியல் உணரியிற் படத்தைப் பதிவது டிஜிற்றல் முறை. 1991இல் கொடக் நிறுவனம் நிக்கோன் கமராவின் உடலில் அமைத்த முதற் கருவி, தோளிற் சுமக்கும் தனிப் பெட்டியொன்றிற் படங்களைச் சேமித்தது. 1999இல் நிக்கோன் டி1, 2002இல் டி100 ஆகியன வந்தன. 2003இல் வந்த கனன் 300டி ஆயிரம் அமெரிக்க டொலருக்குட் கிடைத்தது. சுழியோடிக்கு இதனால் விளைந்த நன்மை பெரிது. முன்னர் 36 படங்கள் முடிந்தால் மேலேறுவதன்றி வேறு வழியில்லை. நீருக்குட் சுருள் மாற்ற முடியுமா? இப்போதோ நூற்றுக்கணக்கிற் பிடிக்கலாம். பிடித்ததை அங்கேயே பார்த்து, ஒளியைத் திருத்தி, மீண்டும் பிடிக்கலாம்.

இவ்வரலாற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படுகின்றது. ஒவ்வொரு தலைமுறையையும் தடுத்து நிறுத்தியது கமரா அன்று. பெட்டி, கண்ணாடி, ஒளி ஆகிய மூன்றுமே. ஆதலால், தெரிந்தெடுப்போர் கமராவை முதலில் வாங்கிவிட்டு மற்றவற்றைத் தேடுதல் முறையன்று. அம்மூன்றையும் முதலில் ஆராய்ந்து, அவற்றுக்குப் பொருந்தும் கமராவையே நாடவேண்டும்.

முதலாவது பெட்டி. அது ஒவ்வொரு மாதிரிக் கமராவுக்கும் தனித்தனியாக அமைக்கப்படுவது. ஒரு பட்டனின் இடம் சில மில்லிமீற்றர் மாறினாலும் பழைய பெட்டி புதிய கமராவுக்கு உதவாது. பெட்டி தாங்கும் ஆழத்தையும் அறிதல் வேண்டும். 40 மீற்றர் ஆழத்தில், 20 சென்ரிமீற்றர் நீள அகலமுள்ள தட்டொன்றின் மீது நீர் 1,600 கிலோகிராமுக்கு மேற்பட்ட சுமையை ஏற்றும். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திற் கிடக்கின்றது. 40 மீற்றருக்கென்று அமைந்த பெட்டி அங்கே செல்லத் தகாது. புறாத்தீவின் ஆழமற்ற முருகைக்கற்களுக்கோ அது தாராளமாகப் போதும்.

இரண்டாவது, வில்லைக்கு முன்னுள்ள கண்ணாடி. நீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி முறிவடைவதால், தட்டையான கண்ணாடியினூடாகப் பார்க்கும்போது பொருள்கள் காற்பங்கு கிட்டத் தோன்றும். காட்சியின் அகலமும் சுருங்கும். 28 மில்லிமீற்றர் வில்லை ஏறத்தாழ 37 மில்லிமீற்றர் வில்லை போல நடந்துகொள்ளும். சிற்றுயிர்களைப் படம் பிடிப்போர்க்கு இச்சுருக்கம் நன்மையே; அவர்களுக்குத் தட்டைக் கண்ணாடி ஏற்றது. பாறையையும் கப்பலையும் அகலக் காட்ட விரும்புவோர்க்கு அரைக்கோளக் கண்ணாடி வேண்டும். ஆயின் அரைக்கோளத்தின் முன் தோன்றும் விம்பம் மிகக் கிட்டவுள்ளதாதலின், அண்மையிற் குவியக்கூடிய வில்லையையே அதனுடன் சேர்த்தல் வேண்டும். 36க்கு 24 மில்லிமீற்றர் அளவுள்ள பெரிய உணரி, ஓரங்களும் தெளிவாக அமையப் பெரிய அரைக்கோளத்தை வேண்டுவது. செலவும் சுமையும் கூடும். 24க்கு 16 மில்லிமீற்றரளவான சிறிய உணரி, சிறிய கோளத்தோடு அமைதியுறும். பெரிதே சிறந்தது என்னும் எண்ணம் கடலில் எப்போதும் செல்லுபடியாகாது.

மூன்றாவது ஒளி. மின்னொளி விளக்கைக் கமராவுக்கு அருகில் வைத்தால், நீரில் மிதக்கும் துகள்களெல்லாம் பனித்துளி போல ஒளிர்ந்து படத்தைக் கெடுக்கும். ஆகையால் நீண்ட கைகளின் முனையில், பக்கத்துக்கு ஒன்றாக இரு விளக்குகளைப் பொருத்துவது வழக்கம். கமராவிலேயே சிறு மின்னொளி அமைந்திருப்பின், ஒளிநாரினாலேயே அவ்விளக்குகளைத் தூண்டலாம். மின்கம்பிக்கெனப் பெட்டியில் இன்னொரு துளை வேண்டுவதில்லை. 2008இல் வந்த நிக்கோன் டி700இல் இவ்வசதி உண்டு. அவ்வாண்டிலேயே வந்த கனன் 5டி மார்க் 2இல் இல்லை. நிலத்திற் சிறு வேறுபாடாகத் தோன்றும் இது நீரிற் பெரிதாகின்றது.

2020ஐ அடுத்த ஆண்டுகளில் பெரு நிறுவனங்களின் முயற்சி ஆடியில்லாக் கமராக்களை நோக்கித் திரும்பிவிட்டது. எனவே, பெட்டியோடு கூடிய பழைய டிஜிற்றல் எஸ்.எல்.ஆர். கமராக்கள் கைமாறிக் கிடைக்கும் காலமிது. வாங்குவோர் இரப்பர் வளையங்களிற் கீறலும் மணலும் உண்டோ எனப் பார்க்கவேண்டும். அவ்வளையங்கள் இன்னும் விற்பனையில் உள்ளனவா என்று விசாரிக்கவேண்டும். கமராவை உள்ளே வைக்காமல் வெறும் பெட்டியை முதலில் நீருக்குள் இறக்கிச் சோதிக்கவேண்டும். கடலிலிருந்து மீண்டதும் நன்னீரில் ஊறவைத்தல் தவறாத கடமையாகும்.

நேயர்களே, 1998இற் கடல்நீர் அளவுக்கு மீறி வெப்பமடைந்தபோது, ஹிக்கடுவை முதலாக எமது தீவின் மேற்கு, தெற்குக் கரைகளின் முருகைக்கற்கள் பெருமளவில் வெளிறி மடிந்தன. அதற்கு முன்னர் அவை எவ்வாறு இருந்தன என்பதைப் பின்வந்தோர் அறிவதற்கு, முன்னர் அங்கே இறங்கியோர் பிடித்த படங்களே துணை. கரையிற் கோயிலும் கோட்டையும் இடிந்தாற் காண்பார் பலர். கடலடியில் அழிவனவற்றைக் காண்பார் சிலரே. அச்சிலருள் ஒருவராகக் கமராவோடு இறங்குபவர், முருகைக்கல்லைத் தொடாமலும் அதன்மேற் காலூன்றாமலும், நாளையும் இடத்தையும் ஆழத்தையும் குறித்துவைத்துப் படம் பிடிப்பாராயின், விலை குறைந்த பழைய கருவியும் நாட்டுக்குப் பயன்தரும் ஓர் ஆவணத்தை ஆக்கித்தரும்.