வர்டோவில் ஒரு நத்தார், ஸ்காபுரோவில் ஒரு நத்தார்

எஸ்.பொ.வும் இந்திரா பார்த்தசாரதியும் 1994இல் தொகுத்து வெளியிட்ட புலம்பெயர்ந்தோர் சிறுகதைத் தொகுதியின் பெயர் ‘பனியும் பனையும்’. நல்ல பெயர்; அளவுக்கு மீறி நல்ல பெயர் என்றுகூடச் சொல்லலாம். பனை என்றால் ஊர், பனி என்றால் அந்நியம் என்ற கணக்கு அதன்பின் நம் எழுத்தில் நிலைத்துவிட்டது. தீவகத்துப் பனைக்கும் வடமராட்சிப் பனைக்கும் வேறுபாடு பார்க்கிறவர்கள், பனி விழும் இடங்களையெல்லாம் ஒரே நாடாக எண்ணிக்கொள்கிறார்கள். அதே யாழ்ப்பாணத்திலிருந்து, ஏறக்குறைய அதே ஆண்டுகளில், சிலர் ரொறன்ரோவின் ஸ்காபுரோவுக்கும் சிலர் நோர்வேயின் வடமுனையிலுள்ள ஃபின்மார்க் மாகாணத்துக்கும் போய்ச் சேர்ந்தார்கள். இரு கூட்டத்தாரின் முதல் பனி நத்தாரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பொதுவாக இருப்பது பனியின் நிறம் மட்டும்தான்.

முதலில், அவர்கள் விட்டுவந்த நத்தார். ‘வெப்ப நாட்டு நத்தார்’ என்ற சொல்லாட்சி யாழ்ப்பாணத்துக்கு முழுதாகப் பொருந்தாது. டிசம்பர் அங்கே மாரிகாலம். வடகீழ் மழை கொட்டும், வாடைக்காற்று அடிக்கும், காதில் துவாயைச் சுற்றிக்கொண்டு கிழவர்கள் நடுச்சாமப் பூசைக்குப் போவார்கள். குருநகரிலும் பாசையூரிலும் சவுக்குக் கிளையை நட்டு அதன்மேல் பஞ்சைப் பிய்த்து ஒட்டுவார்கள். பாலன் குடிலின் கூரையிலும் பஞ்சு. கண்ணால் காணாத பனியை ஐரோப்பியக் குருமாரின் படங்களிலிருந்து எடுத்துப் பஞ்சால் செய்துகொண்ட ஊர் அது. பூசை முடிய வெடி. விடிந்ததும் கேக்கும் பலகாரமும் தட்டில் வைத்து, துணியால் மூடி, சைவக்காரர் வீடுகளுக்கும் போகும். தட்டு வெறுமையாகத் திரும்பி வராது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. அதற்குப் பிறகு வந்த நத்தார்களில் ஜாம் போத்தல் விளக்கு எரிந்தது. தட்டு போவது மட்டும் நிற்கவில்லை.

கனடாவுக்குப் போன கதை நன்கு தெரிந்தது. 1983 கலவரத்துக்குப் பின் தொடங்கிய வருகை. 1986 ஆகஸ்ட் 11 அன்று நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை அந்த ஊர் மீனவர்கள் கண்டு மீட்டது. நோர்வேக் கதை அவ்வளவாகப் பேசப்படாதது. குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956இல் அங்கே போனார். 1967இல் நோர்வேயர் உதவியுடன் ‘சீநோர்’ என்ற மீன்பிடித் திட்டத்தை யாழ்ப்பாணத்தில் தொடங்கினார். அந்தத் தொடர்பைப் பிடித்து இளைஞர்கள் நோர்வேயின் மக்கள் உயர்கல்லூரிகளுக்கு மாணவராகப் போனார்கள். போர் முற்றியபோது தஞ்சம் கேட்டும் போனார்கள். உள்ளூர்க்காரர் செய்ய விரும்பாத வேலை ஃபின்மார்க்கின் மீன் பக்டரிகளில் காத்திருந்தது. கரையோரத்துப் பிள்ளைகள் கடல் கடந்து மறுபடி மீன் வெட்டப் போனதில் ஒரு முரண்நகை உண்டு, ஆனால் அதைப் பெரிதுபடுத்த மாட்டேன். போனவர்களில் கடலோடு தொடர்பே இல்லாத குடும்பங்களின் பிள்ளைகளும் பலர்.

ஃபின்மார்க்கின் கிழக்கு ஓரத்தில் வர்டோ என்று ஒரு தீவு நகரம். 70 பாகை வடக்கைத் தாண்டியது. ரொறன்ரோவிலிருந்து அகலக்கோட்டுக் கணக்கில் ஏறக்குறைய 3000 கிலோமீற்றர் வடக்கே. குளிரும் அந்த அளவுக்கு மிகுதியாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. டிசம்பர் மாதச் சராசரி வெப்பநிலை இரண்டு இடத்திலும் பூச்சியத்துக்குக் கீழே ஒருசில பாகைதான். அத்திலாந்திக்கின் வெதுநீரோட்டம் நோர்வேக் கரையைத் தடவிக்கொண்டு வடக்கே போவதால் வர்டோத் துறைமுகம் மாரியிலும் உறைவதில்லை. ரொறன்ரோவுக்கோ வடதுருவக் காற்று தரை வழியாகத் தடையின்றி வந்துவிடும். கடுங்குளிர் நாட்களில் அங்கே -20 ஆகும். ஆகவே குளிரை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. பிரிப்பது வெளிச்சம். ரொறன்ரோவில் டிசம்பர் 25 அன்று பகல் கிட்டத்தட்ட ஒன்பது மணிநேரம். வர்டோவில் நவம்பர் பிற்பகுதியில் மறைந்த சூரியன் ஜனவரி 20 வாக்கில்தான் மறுபடி தலை காட்டும். நண்பகலில் சிறிது நேரம் நீல மங்கல் ஒன்று பரவும், அவ்வளவுதான்.

இங்கேதான் பனியின் பொருள் தலைகீழாகிறது. புதிதாக விழுந்த பனி தன்மேல் படும் ஒளியில் 80 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பும். நிலவோ, தெருவிளக்கோ, சன்னலில் தொங்கும் நட்சத்திர விளக்கோ, எது இருந்தாலும் பனி அதைப் பெருக்கிக் காட்டும். சூரியன் போய், பனியும் இன்னும் சரியாக விழாத நவம்பர் இறுதி நாட்கள்தான் வடக்கில் மிக இருண்டவை. பனி வந்த பிறகு மனம் ஆறுகிறது என்று அங்கே பிறந்தவர்களே சொல்வார்கள். அப்படியானால் ஃபின்மார்க்கில் முதல் நத்தாரைக் கண்ட தமிழருக்குப் பனி பகை அல்ல. அந்த இருட்டில் கிடைத்த ஒரே வெளிச்சம் அதுதான்.

ரொறன்ரோவில் பனி வெளிச்சம் அல்ல, வேலை. ‘ஸ்னோ தள்ளுவது’ என்பது அங்குள்ள தமிழரின் அன்றாடப் பேச்சில் ஊறிப்போன தொடர். தள்ளி முடிய உப்புப் போட வேண்டும்; உப்பில் கரைந்த பனி மண்ணிறச் சேறாகி சப்பாத்தையும் காரின் அடியையும் தின்னும். அட்டைகளில் வரும் வெள்ளை நத்தாரைத் தேடி வந்தவருக்கு இது ஏமாற்றந்தான். அதைவிடப் பெரிய ஏமாற்றம், பனி வராமலே போவது. டிசம்பர் 25 காலை 7 மணிக்குத் தரையில் 2 சென்ரிமீற்றர் பனியாவது கிடந்தால்தான் அது வெள்ளை நத்தார் என்பது கனடிய வானிலைத் துறையின் வரையறை. ரொறன்ரோவில் அதற்கான வாய்ப்பு பாதிக்குப் பாதி என்ற அளவில்தான். 2015 டிசம்பரில் சிரிய அகதிகளைச் சுமந்த முதல் அரச விமானம் ரொறன்ரோவில் இறங்கியது. இரு வாரம் கழித்து, நத்தாருக்கு முந்தைய நாள், வெப்பநிலை 15 பாகையைத் தொட்டது. கொடுத்த தடித்த கோட்டை என்ன செய்வது என்று அவர்கள் யோசித்திருந்தால் வியப்பில்லை.

2013 வேறு விதம். டிசம்பர் 21, 22 ஆகிய நாட்களில் பெய்தது பனியல்ல, மழை. மேலே சற்று வெதுவெதுப்பான காற்றுப் படலம், தரையை ஒட்டிக் கடுங்குளிர்க் காற்று. இடையில் விழுந்த துளிகள் தொட்ட இடத்திலேயே கண்ணாடியாக உறைந்தன. கிளைகள் பாரம் தாங்காமல் மின்கம்பிகள்மேல் முறிந்தன. ஏறத்தாழ 3 இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. ஸ்காபுரோ மோசமாக அடிபட்ட பகுதிகளில் ஒன்று. நத்தாரன்றும் பல வீடுகளில் வெளிச்சம் திரும்பவில்லை. அந்த ஆண்டு புதிதாக வந்திருந்தவர்களுக்கு இது கனடாவின் முதல் முகம். 1990களில் குடாநாட்டிலிருந்து வந்தவர்களுக்கோ பழகிய நிலைமை: மெழுகுதிரியைத் தேடு, வெளிச்சம் உள்ள வீட்டில் கூடு, உள்ளதைச் சமை. சூடாக்கியும் மின்சாரத்தில் ஓடுவதுதான் புதுத் தொல்லை. யாழ்ப்பாணத்து இருட்டு யாரையும் குளிரில் விறைக்க வைத்ததில்லை.

வானிலையை விட்டுத் தெருவுக்கு வருவோம்; என் பார்வையில் ஒப்பீடு தீர்வாவது இங்கேதான். நோர்வேயில் நத்தார் 25ஆம் திகதி அல்ல, 24ஆம் திகதி மாலை. பிற்பகலிலேயே கடைகள் அடைத்துவிடும். ஐந்து மணிக்குக் கோயில் மணிகள் நீண்டு ஒலித்து நத்தாரைத் தொடக்கிவைக்கும். பிறகு தெருவில் ஆள் நடமாட்டம் இராது. ஒவ்வொரு குடும்பமும் தன் கதவுக்குள் அமர்ந்து, பன்றி விலாவோ உப்பிட்டு உலர்த்திய ஆட்டு விலாவோ உண்டு, மரத்தைச் சுற்றிக் கைகோத்துப் பாடும். அழகான வழக்கம், குடும்பம் இல்லாதவனுக்கு அதில் இடம் இல்லை. ஃபின்மார்க்குக்கு முதலில் போனவர்கள் பெரும்பாலும் தனி இளைஞர்கள். பக்டரி பூட்டு, கடை பூட்டு, தெரு வெறுமை. கத்தோலிக்கப் பூசை வேண்டுமென்றால் அந்த லூதரன் நாட்டின் வடபகுதியில் ஹம்மர்ஃபெஸ்ட், ட்ரொம்சோ போன்ற ஒருசில ஊர்களைத்தான் தேட வேண்டும். இடையில் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் பனிப்பாதை. ஆறுதலாக ஒன்றைச் சொல்லலாம். 24ஆம் திகதி நண்பகலில் பல நோர்வே வீடுகளில் சமைப்பது பாலில் வெந்த அரிசிக் கஞ்சி. அதற்குள் ஒரு பாதாம் பருப்பை ஒளித்து வைத்திருப்பார்கள்; எடுத்தவருக்குப் பன்றி உருவில் ஓர் இனிப்பு. ஒரு வீட்டுக்காரர் கூப்பிட்டு அந்தக் கஞ்சியை முன்னால் வைத்தால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு விளக்கம் தேவைப்பட்டிராது.

ஸ்காபுரோவில் இந்தத் தனிமை குறைவு. தமிழில் பூசை உண்டு. பலகாரத்துக்குத் தமிழ்க் கடை உண்டு. அடுத்த மாடியில் ஊரவர் இருப்பார். இல்லாவிட்டால் அவருடைய மச்சான் இருப்பார். பஸ் ஓடும், மறுநாள் மலிவு விற்பனைக்குக் கூட்டம் அலைமோதும். முதல் நத்தாரையே ஊர் நத்தாராகக் கொண்டாடிவிடலாம். அதுவே அதன் குறையும். கனடியக் குடும்பம் ஒன்றின் மேசைக்கு ஒருபோதும் போகாமல் பல நத்தார்களைக் கழிக்க ஸ்காபுரோவில் முடியும். ஃபின்மார்க்கில் அது முடியாது: நோர்வேக்காரர் கதவு திறக்க வேண்டும், இல்லையேல் நத்தாரே இல்லை. திறந்த கதவுகள் சில இருந்தன. ஆனாலும் பிள்ளைகள் வளர்ந்தபோது, படிப்பையும் தமிழ்ச் சுற்றத்தையும் தேடிப் பலர் ஒஸ்லோவுக்கும் தெற்கின் பிற நகரங்களுக்கும் இடம்பெயர்ந்தார்கள். ஸ்காபுரோவின் நத்தாரைப் போன்ற ஒன்றை அவர்கள் அங்கே கட்டிக்கொண்டார்கள்.

வடக்கே இருந்த காலத்தில் சைவக் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருந்திருக்கும். நத்தார் கழிந்து மூன்று வாரத்தில் தைப்பொங்கல். ரொறன்ரோவில் எவ்வளவு குளிரானாலும் அன்று எட்டு மணிக்குள் சூரியன் எழும். வர்டோவில் அன்றைக்குச் சூரியன் இன்னும் ஐந்தாறு நாள் தொலைவில். ட்ரொம்சோவில் ஜனவரி 21 வாக்கில், சூரியன் திரும்புவதைக் கொண்டாட, உள்ளே ஜாம் வைத்துச் சீனி தூவிய ‘சூரிய பணிஸ்’ உண்பார்கள்; பொங்கலுக்கு ஒரு வாரம் பிந்தி.