காலடியிலிருந்து தலைக்கு மேல்

ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு மின்சாரத்தை எவ்வாறு ஊட்டுவது? 1881-இல் பெர்லினை அடுத்த லிக்டர்பெல்டேயில் மின்சார டிராமை ஓடவிட்ட வெர்னர் சீமென்ஸ், எளிய வழி ஒன்றைக் கையாண்டார். மின்னோட்டம் ஒரு தண்டவாளத்தில் வந்து, மற்றொன்றின் வழியே திரும்பியது. மின்னழுத்தம் 180 வோல்ட்டுதான். ஆயினும், பாதையைக் கடந்த குதிரைகள் இரு தண்டவாளங்களையும் ஒருசேர மிதித்து மின்னதிர்ச்சிக்கு உள்ளாயின. ஆபத்தைக் காலடியிலிருந்து அகற்ற வேண்டியதாயிற்று. எனவே, மின்சாரம் கொண்டுவரும் கம்பி தலைக்கு மேல் ஏறியது. அது திரும்பிச் செல்லத் தண்டவாளமே போதுமானதாயிற்று.

1888-இல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் பிராங்க் ஸ்பிரேக் அமைத்த டிராம்களில், கூரைமேல் சாய்ந்து நின்ற கழியின் நுனியில் ஒரு சிறு சக்கரம் இருந்தது. அது கம்பியின் அடிப்புறத்தைத் தொட்டு உருண்டது. வேகம் கூடினால் கம்பியை விட்டு நழுவியும் விடும். பின்னர் வந்த, மடங்கி நிமிரும் சட்டமான பாண்டோகிராப் இக்குறையைப் போக்கியது. இதன் உச்சியில் உள்ள அகன்ற கரிப்பட்டை கம்பியை உரசிச் செல்கிறது. கம்பி சற்று விலகினாலும் தொடர்பு அறுவதில்லை.

ஒரே இடத்தில் உரசினால் பட்டையில் பள்ளம் விழும் அல்லவா? ஆகவேதான், நேரான பாதையிலும் கம்பியை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி இழுத்துக் கட்டுகிறார்கள். தேய்வது கரி, காக்கப்படுவது நெடுந்தொலைவு செல்லும் செப்புக் கம்பி.

1931-இல் சென்னைக் கடற்கரை–தாம்பரம் பாதையில் இக்கம்பியின் மின்னழுத்தம் 1,500 வோல்ட். இன்று 25,000 வோல்ட். இவ்வளவு உயர் அழுத்தத்தில் கம்பியைத் தொட வேண்டுமென்பதில்லை. நெருங்கினாலே மின்சாரம் காற்றில் தாவிவிடும். நின்றுகொண்டிருக்கும் ரயிலானாலும் அதன் கூரைமேல் ஏறலாகாது என்பது இதனால்தான்.